ஆப்பிள் லிசாவுக்கு மீண்டும் உயிர் கொடுக்க: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஆப்பிள் நிறுவனத்தின் பழைய லிசா கணினி, நெடுங்காலம் சும்மா கிடந்தது ஒன்று கைக்கு வந்தால், பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்திப் பார்க்கத்தான் யாருக்கும் மனம் பரபரக்கும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். முதல் சில நிமிடங்களிலேயே பெரிய சேதம் விளைவிக்கக்கூடிய இரண்டு பொருள்கள் உள்ளே காத்திருக்கின்றன. ஒன்று, கீபோர்டு, மவுஸ், டிஸ்க் போன்றவற்றை ஆளும் ஐ.ஓ. போர்டில் பற்றவைத்திருக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி. இன்னொன்று, பவர் சப்ளைக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், ரிஃபா நிறுவனம் செய்த கெப்பாசிட்டர்கள்.

கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்கிற வகைக் கணினி இல்லை இது. 1983 ஜனவரியில் 9,995 டாலர் விலையில் வந்தது. ஒரே ஆண்டில் லிசா 2 வந்தது. 1985-ல் அதற்கு மேக்கின்டாஷ் எக்ஸ்.எல். என்று பெயர் மாற்றினார்கள். அதே ஆண்டில் உற்பத்தியும் நின்றது. 1989 செப்டம்பரில், விற்காமல் தேங்கியிருந்த சுமார் 2,700 லிசாக்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லோகன் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. முதல் லிசாவின் கதை இன்னும் வருத்தமானது. அதிலிருந்த ட்விக்கி என்ற 5.25 அங்குல ஃப்ளாப்பி டிரைவ்கள் அடிக்கடி தகராறு செய்ததால், 3.5 அங்குல சோனி டிரைவுக்கு இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. பெரும்பாலானோர் மாற்றிக்கொண்டார்கள். ட்விக்கியோடு தப்பியவை மிகச் சில. உங்கள் மேசையில் இருப்பதன் ஒரு போர்டு எரிந்தால், அதற்கு ஈடாக இன்னொரு லிசாவைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

கீழே அறிகுறிகளை, கணினி உயிர்பெறும் வரிசையிலேயே அடுக்கியிருக்கிறேன். ஆனால் லிசாவின் தனிக் குணம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொத்தான் வேலை செய்யாதது, திரை இருண்டிருப்பது, கீபோர்டு ஊமையாவது, டிஸ்க் தெரியாமல் போவது என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பல கோளாறுகளுக்கு, ஐ.ஓ. போர்டில் ஒழுகிய அந்த ஒரே பேட்டரி காரணமாக இருக்கலாம். எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும்: மின்சாரம் கொடுக்கும் முன்

பின்பக்க மூடியை விரலால் திருகும் இரண்டு திருகுகள் பிடித்திருக்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் மூடி கழன்றுவிடும். உள்ளே சி.பி.யூ. போர்டு, ஐ.ஓ. போர்டு, மெமரி போர்டுகள் ஆகியவை ஒரு கூண்டுக்குள் நிற்கும். அந்தக் கூண்டை அப்படியே பின்னால் இழுத்து எடுத்துவிடலாம். பவர் சப்ளையும் தனியாகப் பின்பக்கம் வழியாகவே வரும். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே இவ்வளவையும் பிரிக்கும்படி வடிவமைத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. இந்த வேலைக்காகப் படக்குழாய் இருக்கும் பக்கம் கையை விடத் தேவையே இல்லை. அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அதை வெளியேற்றிப் பழகாதவர்கள் அந்தப் பகுதியைத் தொடவே கூடாது.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு போர்டையும், ஒவ்வொரு கேபிளையும் படம் எடுத்து வையுங்கள். மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஐ.ஓ. போர்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பேட்டரி இன்னும் இருந்தால், ஒழுகியிருந்தாலும் ஒழுகாவிட்டாலும், அதை வெட்டி எடுத்துவிடுங்கள். அதன் முக்கிய வேலை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கடிகாரத்தை ஓடவைப்பது. அது இல்லாமலே லிசா முழுமையாக இயங்கும். புதிய நிக்கல்-காட்மியம் பேட்டரியை அதே இடத்தில் வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் ஒருநாள் ஒழுகும்.

ஒழுகியிருந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு தெரியும். அது காரத்தன்மை உள்ளது. ஆகவே அமிலத்தால்தான் அடங்கும். வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தோய்த்துத் தடவினால் நுரைக்கும். நுரை நிற்கும்வரை தடவி, காய்ச்சி வடித்த நீரால் நன்றாகக் கழுவி, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் நீரை விரட்டி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். வினிகரைக் கழுவாமல் விட்டால் அதுவே செம்பை அரிக்கத் தொடங்கிவிடும்.

இதற்குப் பிறகு செய்வதுதான் உண்மையான வேலை. போர்டின் மேலிருக்கும் பச்சைப் பூச்சுக்கு அடியில் காரம் தடங்களின் வழியே ஊர்ந்து போயிருக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் தடம் உள்ளே அறுந்திருக்கும். கண்ணை நம்பக் கூடாது. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, பேட்டரியைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு தடத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சோதியுங்கள். துளைகள் வழியே மறுபக்கம் போகும் இணைப்புகளை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும். அறுந்த இடத்தில் பூச்சைச் சுரண்டி, மெல்லிய கம்பியைத் தடத்தின் மேலேயே படுக்கவைத்துப் பற்றவையுங்கள். ஐ.சி.களின் சாக்கெட்டுகளில் காரம் ஏறியிருந்தால் கழுவுவதால் பயனில்லை. சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

அடுத்து, ஐ.ஓ. போர்டு சொருகியிருந்த மதர்போர்டு ஸ்லாட்டைப் பாருங்கள். ஒழுகியது அங்கேயும் இறங்கியிருக்கும். ஐ.ஓ. போர்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அழுக்கான ஸ்லாட்டில் திரும்பச் சொருகுவதால்தான் பலருடைய லிசா இரண்டே வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. போர்டின் விளிம்பில் உள்ள தங்கப் பூச்சு விரல்களை ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்தால் போதும். ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. தங்கம் மெல்லிய பூச்சுதான். இன்னும் பல ஆண்டுகள் வாழ வேண்டிய போர்டில் அதைத் தேய்த்து அழிக்கத் தேவையில்லை.

இனி பவர் சப்ளை. ரிஃபா கெப்பாசிட்டர்களை அடையாளம் காண்பது எளிது. தேன் நிறத்தில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் சுருள் தெரியும். உறையில் மெல்லிய விரிசல்கள் ஓடியிருக்கும். அந்த விரிசல் வழியே காற்றின் ஈரம் உள்ளே இருக்கும் காகிதத்துக்குள் இறங்குகிறது. மின்சாரம் கொடுத்ததும் அது சூடாகி வெடித்து, அறை முழுக்க நாற்றமடிக்கும் புகையைக் கக்கும். விரிசல் இல்லாததையும் மாற்றிவிடுங்கள். எக்ஸ்2 வகை இருந்த இடத்தில் எக்ஸ்2, ஒய் வகை இருந்த இடத்தில் ஒய், மதிப்பும் அதேதான். சாதாரணக் கெப்பாசிட்டரை அங்கே வைப்பது ஆபத்து. சப்ளையைத் திறந்ததும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் தங்கியிருக்கிறதா என்று மீட்டரால் பார்த்த பிறகே கையை வையுங்கள். கணினியின் பின்பக்கச் சீட்டில் எந்த மின்னழுத்தத்துக்கானது என்று எழுதியிருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

லிசாவின் பவர் பொத்தான் மின்சாரத்தை நேரடியாக வெட்டிச் சேர்க்கும் சுவிட்ச் இல்லை. பிளக் சொருகியிருக்கும் வரை காத்திருப்பு 5 வோல்ட் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது ஐ.ஓ. போர்டில் உள்ள காப்ஸ் என்ற சின்ன நுண்கட்டுப்பாட்டு ஐ.சி.யை விழித்திருக்க வைக்கிறது. பொத்தானை அழுத்தியதைக் கவனிப்பது அந்த ஐ.சி.தான். சப்ளையை முழுமையாக எழுப்பச் சொல்வதும் அதுவே. கீபோர்டு, மவுஸ், கடிகாரம் மூன்றுக்கும் அதுவே காவல். இதை மனதில் வைத்துக்கொண்டால் தேடும் வரிசை தானாகத் தெளிவாகும்.

முதலில் மூடிகளைப் பாருங்கள். முன்மூடியும் பின்மூடியும் சரியாகப் பொருந்தாவிட்டால் பாதுகாப்பு சுவிட்சுகள் மின்சாரத்தை மறித்துவிடும். "கழற்றி மாட்டிய பிறகு செத்துப்போனது" என்று சொல்லப்படும் லிசாக்களில் கணிசமானவற்றுக்கு மூடியை அழுத்திப் பொருத்துவதே வைத்தியம். சுவிட்சின் நாக்கு உடைந்தோ வளைந்தோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூடி சரி என்றால், சர்வீஸ் மேனுவலின் சுற்றுப்படத்தைப் பார்த்துக் காத்திருப்பு 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வரவில்லையா? குறை சப்ளையில். வருகிறது, ஆனாலும் பொத்தானுக்கு அசைவில்லை என்றால், பொத்தானிலிருந்து காப்ஸ் வரையும், அங்கிருந்து சப்ளை வரையும் போகும் தடங்களில் எங்கோ அறுந்திருக்கிறது. பேட்டரி ஒழுகிய போர்டு என்றால் நேராக அந்த மூலைக்கே போங்கள். காப்ஸ் ஐ.சி.யே கெட்டிருக்கும் என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். அதனுள்ளே பொறித்திருக்கும் நிரல் லிசாவுக்கென்றே எழுதியது. அதே மாடல் எண்ணில் வேறு ஐ.சி. வாங்கிப் போட்டால் வேலை செய்யாது.

விளக்கு எரிகிறது, உடனே அணைகிறது

சப்ளை எழ முயன்று, எங்கோ ஷார்ட்டைக் கண்டு பின்வாங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு போர்டாக வெளியே எடுத்து மின்தடையை அளந்து பாருங்கள். 5 வோல்ட், 12 வோல்ட் பாதைகளுக்கும் தரைக்கும் இடையே சில ஓம்கள்கூட இல்லை என்றால், அந்தப் போர்டில் ஷார்ட்டாகிப்போன டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். விரிவாக்க ஸ்லாட்டில் கூடுதல் அட்டை இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். போர்டுகள் எதிலும் குறை இல்லை என்றால் சப்ளையின் மின்பகு கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கும்.

சப்ளையைத் தனியே எடுத்து, சுமை எதுவும் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு "செத்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். சுமை இருந்தால்தான் சீராக நிற்கும் வகை இது.

திரை இருண்டே இருக்கிறது

இங்கே அவசரப்பட்டுப் படக்குழாயைச் சந்தேகிக்காதீர்கள். லிசாவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. கான்ட்ராஸ்ட் முழுக்க மென்பொருளின் கையில் இருக்கிறது. அந்தச் சைகை ஐ.ஓ. போர்டிலிருந்து வருகிறது. ஆகவே சி.பி.யூ. நலமாக இருந்து, வீடியோ போர்டும் நலமாக இருந்து, ஐ.ஓ. போர்டில் ஒரு தடம் அறுந்திருந்தாலே திரை கறுப்பாகத்தான் நிற்கும்.

காதை வைத்துக் கேளுங்கள். மின்சாரம் வந்ததும் ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு சொடுக்கு கேட்க வேண்டும். ரோமில் (நிரல் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ஐ.சி.) உள்ள சோதனை நிரல் ஓடத் தொடங்கியதன் அடையாளம் அது. திரையைக் காட்ட முடியாத கட்டத்தில் குறையைக் கண்டால், ஏற்ற இறக்கமான ஒலி வரிசையாகவே அது சொல்லிவிடும். சொடுக்கு கேட்கிறது, திரை மட்டும் இருட்டு என்றால், இருண்ட அறையில் படக்குழாயின் கழுத்தில் ஆரஞ்சு நிற இழை ஒளிர்கிறதா என்று காற்றோட்ட இடுக்கு வழியே பாருங்கள். இழை ஒளிர்ந்தால் ஐ.ஓ. போர்டின் கான்ட்ராஸ்ட் பகுதி, இல்லாவிட்டால் வீடியோ போர்டின் மின்வழி. சொடுக்கே இல்லை என்றால் சி.பி.யூ. போர்டு ஸ்லாட்டில் முழுதாக உட்காரவில்லை, அல்லது ரோம் ஐ.சி.களின் கால்களில் துரு. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களைத் துடைத்து, திசை மாறாமல் திரும்பச் சொருகுங்கள். அழுத்தும்போது ஒரு காலும் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த திரை சில நிமிடங்கள் கழித்துத் தானாக மங்கினால் அது பழுதே அல்ல. படக்குழாயில் தழும்பு விழாமலிருக்க லிசாவே செய்யும் ஏற்பாடு அது. மவுஸை அசைத்தால் வெளிச்சம் திரும்பும்.

திரையில் ஒரு கோடு, அல்லது கோணலான படம்

நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு பிரகாசமாகத் தெரிந்தால், கதிரை மேலும் கீழும் இழுக்கும் சுற்று நின்றுவிட்டது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். வெளிச்சத்தைக் குறைக்கத் திருகு இல்லாததால், விட்டுவைத்தால் அந்தக் கோடு குழாயில் நிரந்தரத் தழும்பாகிவிடும். படம் உயரம் குறைந்து தெரிந்தாலோ மேற்பகுதி மடங்கினாலோ வீடியோ போர்டின் மின்பகு கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன என்று பொருள். படம் அலையலையாக ஆடினால் சப்ளையின் வெளியீட்டைச் சந்தேகியுங்கள். இந்தப் பகுதியில் கை வைக்க வேண்டியிருந்தால் படக்குழாய்த் தொலைக்காட்சிகளைப் பழுதுபார்த்துப் பழகிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

போர்டின் படத்தின் மேல் குறுக்குக் கோடும் ஓர் எண்ணும்

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்தக் காலத்தில் வேறெந்தக் கணினியும் தன் உடம்பை இவ்வளவு தெளிவாகச் சோதித்துச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு போர்டையும் சின்னப் படமாகத் திரையில் காட்டி, தேறியதற்குச் சரிக்குறி போட்டு, தேறாததைக் குறுக்காக அடித்து, கீழே எண்ணைத் தருகிறது.

40-களில் வரும் எண்கள் சி.பி.யூ. போர்டுக்கு உரியவை. 40 என்றால் நினைவக மேலாண்மைச் சுற்று, 42 வீடியோச் சுற்று, 43 பேரிட்டிச் சுற்று (மெமரியில் பிழை நேர்ந்ததா என்று கண்காணிப்பது). பெரும்பாலும் சாக்கெட்டில் துருவேறிய ஐ.சி.தான் காரணமாக இருக்கும். ஆகவே எதையும் மாற்றும் முன் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துச் சொருகிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

50-கள் ஐ.ஓ. போர்டு. 50, 51 இரண்டும் அதிலிருக்கும் 6522 ஐ.சி.களைச் சுட்டும். 52 போர்டில் உள்ள காப்ஸ், 53 கீபோர்டுக்குள் உள்ள காப்ஸ், 54 கடிகாரம், 55-ம் 56-ம் சீரியல் துறைகள், 57 ஃப்ளாப்பிக் கட்டுப்பாடு. பேட்டரி ஒழுகிய போர்டில் 52, 54 ஆகிய எண்களைப் பார்த்தால் புதிய ஐ.சி. தேடி ஓடாதீர்கள். மீட்டரை எடுத்துக்கொண்டு தடங்களுக்கே திரும்புங்கள். ஒரு நாள் ஓர் எண், மறுநாள் வேறு எண் என்று மாறிமாறி வந்தால் அதுவும் தடமோ ஸ்லாட்டோ சரியில்லை என்பதற்கு அடையாளம். ஐ.சி. செத்திருந்தால் எண் மாறாது. 57-க்கு மட்டும் தனிக் குறிப்பு: ஃப்ளாப்பியை ஆள்வதற்கென்றே அந்தப் போர்டில் 6504 வகைச் செயலி ஒன்றும் அதற்கான ரோமும் ரேமும் தனியாக இருக்கின்றன. அந்த மூன்றின் சாக்கெட்டுகளையும் முதலில் பாருங்கள்.

70, 71 இரண்டும் மெமரி. 70 என்றால் எழுதியது திரும்ப வரவில்லை. 71 என்றால் பேரிட்டி தவறுகிறது. 512 கே. மெமரி போர்டு ஒன்று மட்டும் இருந்தாலே லிசா சோதனையைத் தாண்டிவிடும். அதனால் இரண்டு போர்டுகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். குறை போர்டோடு நகர்கிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்பதிலேயே விடை இருக்கிறது. போர்டோடு நகர்ந்தால் அதிலுள்ள 4164 வகை ஐ.சி.களில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. பேரிட்டியையும் சேர்த்து 72 இருக்கும். அத்தனையையும் பிடுங்கி மாற்றுவது போர்டைச் சிதைக்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மற்றவற்றைவிட அதிகம் சூடாகும் ஐ.சி. எது என்று பாருங்கள். அல்லது சந்தேகப்படும் ஐ.சி.யின் மேல் நல்ல ஐ.சி. ஒன்றைக் கால் பொருந்தும்படி சுமத்திவைத்து, எண் மறைகிறதா என்று சோதியுங்கள். இந்த உத்தி எப்போதும் பலிக்காது. பலித்தால் பற்றவைத்த காலில் தேவையில்லாமல் கை வைப்பதைத் தவிர்க்கலாம்.

கீபோர்டில் சில எழுத்துகள் விழவில்லை

சில எழுத்துகள் மட்டும் என்றால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம். லிசா கீபோர்டின் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் நுரைப்பஞ்சு வில்லை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் உலோகப் பூச்சுள்ள மெல்லிய தகடு. விசையை அழுத்தும்போது தகடு பலகையை நெருங்குகிறது. அப்போது மாறும் மின்தேக்கத்தை வைத்தே எழுத்து அறியப்படுகிறது. நாளடைவில் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. தகடு பலகை வரை போய்ச் சேர்வதில்லை.

கீபோர்டைத் திறந்து பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினால் வில்லைகள் வரிசையாகத் தெரியும். கீ ட்ரானிக் நிறுவனம் செய்த இந்த வகைக் கீபோர்டுகளுக்கென்றே புதிய வில்லைகள் தயாராகக் கிடைக்கின்றன. பழையதை நெம்பி எடுத்து, பலகையை ஆல்கஹாலால் துடைத்து, புதியதைச் சொருகுவதுதான் வேலை. பொறுமை வேண்டும், திறமை அதிகம் வேண்டாம். ஒரு வரிசையை மட்டும் முதலில் மாற்றி, மூடி, சோதித்துவிட்டுத் தொடருங்கள். இங்கே உலோகமும் உலோகமும் தொட்டு இணைவதில்லை. ஆகவே மின்கடத்தும் பூச்சு எதையும் பலகையில் பூசாதீர்கள். பூசினால் நல்ல விசைகளும் கெடும்.

எல்லா எழுத்துகளும் ஊமை என்றால் வில்லைகளை விட்டுவிட்டுக் கேபிளையும் அதன் முனையையும் பாருங்கள். முனை பார்க்க ஹெட்ஃபோன் பிளக் போலவே இருக்கும். அதிலும் அது சொருகும் துளையிலும் துரு ஏறும்.

ஃப்ளாப்பியை விழுங்குகிறது, படிப்பதில்லை. அல்லது வெளியே விடுவதில்லை

சோனி 400 கே. டிரைவைத்தான் பெரும்பாலும் எதிர்கொள்வீர்கள். அதில் டிஸ்க்கை வெளியே தள்ளுவது மோட்டார். பழைய கிரீஸ் இறுகிப் பசை போல ஆகிவிடுவதால் தட்டு பாதி வழியில் நின்றுவிடும். டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டால் கிளிப்பை நிமிர்த்தித் துளையில் குத்தி வலுவாகத் தள்ள வேண்டாம். டிரைவை வெளியே எடுத்து, இறுகிய கிரீஸை ஆல்கஹாலால் கரைத்துத் துடைத்து, நகரும் பாகங்கள் விரலுக்கு எளிதாக அசைந்த பிறகே டிஸ்க்கை எடுங்கள்.

இந்த டிரைவ் ஒரு பக்கம் மட்டுமே படிக்கும். அடியில் தலை; மேலே தலை இல்லை, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டுதான். தலையை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மேல் கையை அளவுக்கு மீறித் தூக்காதீர்கள்.

தலை சுத்தமான பிறகும் படிக்கவில்லை என்றால் டிஸ்க்கை எங்கே எழுதினீர்கள் என்று பாருங்கள். சாதாரண யூ.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ்களால் லிசாவுக்கான டிஸ்க்கை எழுதவே முடியாது. தடத்துக்குத் தடம் சுழல்வேகம் மாறும் முறை இது. பழைய மேக்கின்டாஷின் உள் டிரைவில் எழுதுவதே வழி. அது கையில் இல்லாவிட்டால், லிசாவுக்கு ஒத்துழைக்கும் ஃப்ளாப்பி எமு போன்ற மாற்றுக் கருவியை இணைத்து, நினைவட்டையிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். டிரைவில் குறையா, டிஸ்க்கில் குறையா, ஐ.ஓ. போர்டில் குறையா என்று பிரித்துப் பார்க்கவும் அதைவிட நல்ல துணை இல்லை.

ட்விக்கி டிரைவ் என்றால் விஷயம் வேறு. 871 கே. கொள்ளும் அந்த 5.25 அங்குல டிஸ்க்குகள் வேறெந்தக் கணினிக்கும் பொருந்தாத வடிவம். தலை படும் திறப்புகளே வேறு இடத்தில் இருக்கும். கையில் இருக்கும் ஒன்றிரண்டு டிஸ்க்கை வைத்துச் சோதிக்காதீர்கள். தலையும் அழுத்தும் திண்டும் சுத்தமாகும் முன் ஒரு டிஸ்க்கை உள்ளே விட்டால் அதன் பூச்சு உரிந்துபோகக்கூடும். அதிலிருக்கும் தரவு உலகில் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம்.

75, 80, 81, 84: சோதனை தேறுகிறது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தொடங்கவில்லை

வெளியே இணைக்கும் 5 எம்.பி. புரோஃபைல் ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் அதைப் போட்டு, அதன் விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருந்து, பிறகே லிசாவைப் போடுங்கள். புரோஃபைல் சுழன்று வேகமெடுத்துத் தன்னைச் சோதித்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேலாகும். பொறுக்காமல் தொடங்கினால் 81 வரும். தயாராகவில்லை என்பதே அதன் பொருள். 80 என்றால் டிஸ்க் இணைந்திருப்பதே தெரியவில்லை: கேபிள், டிஸ்க்கின் மின்சாரம், இணைத் துறை என்று பாருங்கள். 84 வந்தால் நல்ல செய்தி என்றே சொல்வேன். கேபிள், துறை, கட்டுப்பாட்டுச் சுற்று எல்லாம் பேசிக்கொள்கின்றன. தொடங்குவதற்கான தரவு மட்டும் செல்லுபடியாகவில்லை. 75 பொதுவாகத் தொடக்கம் தோல்வி என்பதைச் சொல்கிறது.

லிசா 2-ன் 2/10 வகைக்குள் இருப்பது ஆப்பிளே வடிவமைத்த 10 எம்.பி. விட்ஜெட் ஹார்ட் டிஸ்க். அது அந்தக் காலத்திலேயே நம்பகமானதாகப் பெயர் எடுக்கவில்லை. சுழன்று, தலை அசைந்து, மறுபடி மறுபடி முயன்று நின்றுவிடும் விட்ஜெட்டைத் திறந்து சரிசெய்ய முயல்வதைவிட, அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, எக்ஸ்/புரோஃபைல், ஐடிஈஃபைல் போன்று புரோஃபைலாக நடிக்கும் கருவியை இணைப்பதே நல்லது என்பது என் கருத்து. 2/10-ல் பின்பக்கம் இணைத் துறை இல்லாததால், விரிவாக்க ஸ்லாட்டில் இணைத் துறை அட்டை வேண்டியிருக்கும்.

பழைய டிஸ்க் ஒருமுறை சுழன்று தரவைக் காட்டிவிட்டால் மகிழ்ச்சியில் அதையே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். பி.எல்.யூ. என்ற சிறு பயன்பாட்டு நிரலைக் கொண்டு சீரியல் துறை வழியாக அதன் முழு நகலையும் வேறு கணினிக்கு எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அது சுழலாமல் போகலாம். யாரோ ஒருவர் எழுதி வைத்த கடிதமும் கணக்கும் அதில் இருக்கின்றன.

எல்லாம் தேறியும் லிசாவின் மென்பொருள் ஓடவில்லை

தொடக்கத் திரையின் வலது மேல் மூலையில் ரோம் பதிப்பு தெரியும். எச்/ஏ8 என்றால் 2/5 வகை (5 எம்.பி. புரோஃபைலோடு வந்த லிசா 2) ஐ.ஓ. போர்டு, எச்/88 என்றால் 2/10 வகை. இரண்டு போர்டுகளும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. மாற்றிச் சொருகிய லிசாக்கள் சந்தையில் உலவுகின்றன, வாங்கும்போதே பாருங்கள். 3ஏ என்று தெரிந்தால், மேக்கின்டாஷ் மென்பொருளுக்காகத் திரையின் புள்ளிகளைச் சதுரமாக்கும் மாற்றுத் தொகுப்பு அதில் பொருத்தப்பட்டிருக்கிறது. 720×364 என்ற அசல் திரை 608×431 ஆகியிருக்கும். அந்த நிலையில் லிசாவின் சொந்த மென்பொருள் ஓடாது. டிஸ்க்கிலோ மெமரியிலோ குறை தேடி அலைய வேண்டாம். பழைய ரோமையும் வீடியோ பாகங்களையும் திருப்பிப் பொருத்தினால்தான் ஓடும்.

லிசா அலுவலக மென்பொருளின் அசல் டிஸ்க்குகள், முதலில் நிறுவிய கணினியின் வரிசை எண்ணோடு பிணைந்துவிடும். வேறொரு லிசாவில் போட்டால் மறுக்கும். அந்த எண் சி.பி.யூ. போர்டில் உள்ள ரோமில் இருக்கிறது. ஆகவே சி.பி.யூ. போர்டை மாற்றினாலும் இதே மறுப்பு வரும். பழைய ரோமைப் புதிய போர்டுக்கு மாற்றிச் சொருகினால் தீர்ந்துவிடும்.

தேதி கேட்டு இன்றைய ஆண்டை ஏற்க மறுத்தால் அது கோளாறில்லை. அந்தக் கடிகாரம் ஆண்டை 4 பிட்டில் வைத்திருக்கிறது. 1995-க்கு மேல் அதனால் எண்ண முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஒன்றைக் கொடுத்து மேலே போங்கள்.